போலியும் பரிவும்: ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசைப் பாடல்கள் பற்றிய ஒரு நோக்கு

தமிழிலக்கண நூலார் ‘போலி’ என்னும் சொல்லை இழிவுப் பொருளில் ஆண்டாரல்லர். பந்தல் என்பது பந்தர் என வருமிடத்து, ஓரெழுத்து நின்ற இடத்திற் பிறிதோரெழுத்து வந்து அமர்கின்றது. பொருளோ சிறிதும் பிறழ்வதில்லை. இதனையே அவர்கள் போலி என்றனர். பிற்கால வழக்கிலேதான் அச்சொல் கள்ளச் சரக்கையும் வேடதாரியையும் குறிப்பதாயிற்று. 1960களின் பிற்பகுதியில் ஈழத்திலே தோன்றி, 1970களில் வானொலியாலும் இசைத்தட்டாலும் நாடெங்கும் பரவிய தமிழ்ப் பொப்பிசைப் பாடல்கள் ‘போலி’ என்று கண்டிக்கப்பட்டபோது, கண்டித்தோர் இவ்விரண்டாம் பொருளையே மனங்கொண்டனர். சிங்கள பைலாவுக்குப் போலி, மேற்கிந்தியத் தீவுகளின் கலிப்சோவுக்குப் போலி, ஆகவே தமிழ்ப் பண்பாட்டுக்குப் புறம்பு என்பது அவர்கள்தம் வாதம். அப்பாடல்கள் போலியே என்பதில் ஐயமில்லை. ஆயின் எப்பொருளிற் போலி என்பதே ஆராயப்படவேண்டியது.

போலி செய்தல் நகையை விளைக்கும். நகை என்னும் மெய்ப்பாடு பிறக்குங் களங்களைத் தொல்காப்பியர் நான்காக வகுத்தனர். எள்ளலும் பேதைமையும் மடமும் அவற்றுள் மூன்று, எஞ்சியது இளமை. பிறரை நகையாடும் பாட்டு யாதாயினும் எள்ளலிற் பிறந்ததே என்று கொள்வது பொதுவழக்கு. ஆனால் இளமையையும் ஒரு தனிக் களமாகத் தொல்காப்பியர் வைத்தமை ஊன்றி நோக்கற்குரியது. முற்றத்திலே குழந்தையொன்று பாட்டனின் ஊன்றுகோலைப் பற்றிக்கொண்டு, முதுகு வளைத்து, அவரைப் போலவே இருமி நடக்கின்றது. கண்டோர் நகைப்பர், பாட்டனும் நகைப்பார். அங்கே எள்ளல் இல்லை. நெடுநாள் உற்றுநோக்கியதாலும் நேசித்ததாலும் விளைந்த போலி அது. நேசியாதவன் இருமலைக் கேட்டிருப்பான். இருமலுக்கு முன்னர்ப் பாட்டன் தூணைப் பற்றும் விதத்தைக் கண்டிரான்.

இத்தகைய பரிவுப் போலி தமிழுக்குப் புதியதன்று. நட்டுவச் சுப்பையனார் என்னும் யாழ்ப்பாணத்துப் புலவர் 19ஆம் நூற்றாண்டிலே வண்ணார்பண்ணைக் கணிகை ஒருத்தியைத் தலைவியாக்கிக் ‘கனகி புராணம்’ பாடினார். தெய்வத்துக்கும் தலத்துக்கும் உரிய புராண யாப்பை ஒரு கணிகைக்கும் அவளை நாடிச்சென்ற ஊர்ப்பெரியோருக்கும் உரித்தாக்கியமையே அந்நூலின் நகை. புராண மரபு முழுவதையும் ஐயந்திரிபறக் கற்ற ஒருவராலன்றி அதனைச் செய்திருக்க முடியாது. அங்கே நகைக்கு ஆளானது புராணம் அன்று. கனகியின் வாயிலிற் காத்துநின்ற கனவான்களே. பாரதியார் ‘புதிய கோணங்கி’ பாடியபோதும் இதுவே நிகழ்ந்தது. குடுகுடுப்பைக்காரனின் குரலையும் தாளத்தையும் அவர் கைக்கொண்டார். ஆயினும் குடுகுடுப்பைக்காரனைப் பழித்தாரல்லர். அவனது நாவினாலே நாட்டுக்கு நல்வாக்குச் சொன்னார். இவ்விரு சான்றுகளாலும் ஓர் அளவுகோல் கிடைக்கின்றது. போலி செய்வோன் மூலத்தை முழுமையாகக் கற்றானா என்பது முதலாவது வினா. அவன் எழுப்பும் நகை யார்மீது விழுகின்றது என்பது இரண்டாவது வினா.

இங்கு மற்றுமொரு வேறுபாடும் உளங்கொள்ளத்தக்கது. ஒரு பாட்டின் மெட்டை அவ்வாறே எடுத்து அதற்கு வேறு சொற்களைப் பெய்தல் ஒருவகை. எந்த ஒரு தனிப்பாட்டையும் எடாது, ஒருவரின் பாணி முழுவதையும் உட்கொண்டு, அவர் பாடாத ஒரு பாட்டை அவர் பாடியிருக்கக்கூடிய விதத்திற் புனைதல் மற்றொரு வகை. பின்னையதே அரிது. அமெரிக்காவிலே ‘டீவோ’ என்றொரு விசித்திரமான றொக் இசைக்குழு இருந்தது. ஒரேவிதச் சீருடையும் பூந்தொட்டி கவிழ்த்தாற் போன்ற தொப்பியும் அணிந்து, இயந்திரங்கள் போல அசைந்து பாடுவோர் அதன் உறுப்பினர். நகைச்சுவைப் பாடகரான வியர்ட் அல் யான்கோவிக் 1985இல் வெளியிட்ட ‘டெயர் டு பீ ஸ்டுப்பிட்’ என்னும் பாட்டு, அக்குழுவின் எந்தப் பாட்டையும் படியெடாமல் அதன் பாணியை மாத்திரமே போலி செய்தது. அதனைக் கேட்ட டீவோவின் தலைவர் மார்க் மதர்ஸ்பா வியப்பும் பொறாமையும் ஒருங்கே கொண்டதாகப் பின்னாளில் ஒப்புக்கொண்டார். தாம் தேடித்திரிந்த ஓசையைத் தம்மைப் போலி செய்த ஒருவன் கண்டுகொண்டான் என்பதே அவர் கூறியதன் சாரம். போலி மூலத்தைத் தெளிவாக்குதலும் உண்டு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

ஈழத்துப் பொப்பிசையை இவ்வளவுகோலால் அளத்தற்கு முன்னர், அது எதனைப் போலி செய்தது என்பதை அறிதல் வேண்டும். அதற்குத் தீவகத்துத் துறைகளிலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும். ஊர்காவற்றுறையை ஐரோப்பியர் வழங்கிய ‘கயிற்ஸ்’ என்னும் பெயர், துறைமுக மேடையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது என்பர். யானைகள் கப்பலேற்றப்பட்ட துறை அது. அதற்கும் காரைநகருக்கும் இடையே கடல் நடுவில் நிற்கும் கோட்டை போர்த்துக்கேயரால் எழுப்பப்பட்டு ஒல்லாந்தராற் திருத்தப்பட்டது. நெடுந்தீவு தன் ஐரோப்பியப் பெயரை ஓர் ஒல்லாந்த நகரிடமிருந்து பெற்றது; அங்கே இன்றும் கட்டாக்காலிகளாய்த் திரியும் குதிரைகள் அந்நியராட்சிக் காலத்தின் எச்சங்கள். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றி 1658வரை ஆண்ட போர்த்துக்கேயர் விட்டுச்சென்றவை கோட்டைகள் மாத்திரமல்ல. மேசை, அலுமாரி, வாங்கு, யன்னல், சப்பாத்து, பாண், கோப்பை, சாவி முதலிய சொற்கள் யாழ்ப்பாணத்து இல்லங்கள்தோறும் புகுந்தன. சைவ ஆசார சீலரும் வாங்கில் அமர்ந்து யன்னலைத் திறந்தனர்; அதனால் தம் தமிழ் கெட்டதென எவரும் வருந்தினாரல்லர்.

பைலாவும் அதே கப்பலில் வந்ததே. ஆடுதல் என்னும் பொருளுடைய போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது. போர்த்துக்கேயரின் ஆட்டப்பாட்டும், அவர்களாற் கொணரப்பட்ட ஆபிரிக்கரான காப்பிரியரின் தாளமும் இத்தீவிலே கலந்து, ‘கபிரிஞ்ஞா’ எனப்பட்ட துள்ளல் இசையாய்ப் பறங்கியரிடையும் காப்பிரியரிடையும் நின்று நிலைத்தது. 1940களில் பொலிஸ் சேவையிலிருந்த வொலி பஸ்தியன்ஸ் அதனைச் சிங்களச் சொற்களோடு பொருத்திப் பொதுமக்கள் இசையாக்கினார். பாடகர் இருவர் எதிரெதிர் நின்று ஒருவரையொருவர் பாட்டால் மடக்கும் ‘வாத பைலா’வும் வளர்ந்தது. 1956இல் ஹரி பெலபொன்ரேயின் ‘கலிப்சோ’ இசைத்தட்டு உலகெங்கும் பரவிய பின்னர், கிற்றார் ஏந்திய இளைஞர் குழுக்கள் கொழும்பிலே பெருகின. ஸ்பானிய மொழி அறியாச் சிங்கள இளைஞர் தம் குழுக்களுக்கு ‘லொஸ் கபலேரோஸ்’ என்பது போன்ற ஸ்பானியப் பெயர்களைச் சூட்டிக்கொண்டனர். ஆகவே, தமிழிளைஞர் போலி செய்ய முற்பட்ட காலத்தில் அவர்தம் முன்னிருந்த மூலமே பல போலிகளின் மேல் எழுந்த போலியாயிருந்தது. தூய மூலமொன்று எங்கோ இருந்ததென்றும், தமிழர் மட்டுமே அதனைத் திருடினரென்றும் கூறுவது வரலாற்றுக்கு ஒவ்வாது.

இனி, பாடல்களை நோக்கலாம். ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசையின் முன்னோடியாகப் போற்றப்படும் நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ ஓர் உரையாடற் பாட்டு. மருமகன் முறையிலான இளைஞன் ஒருவன் மாமியின் மகளைப் பற்றி விசாரிக்கின்றான். அவள் பள்ளிக்குப் போயிருப்பதாக மாமி கூறுகின்றாள். வழியில் நிற்கும் இளைஞர்களைக் காட்டி அவன் ஐயுறவு கிளப்ப, மாமி தன் மகளுக்காக வாதாடி அவன் வாயை அடைக்கின்றாள். துள்ளலோசையிலே வாத பைலாவின் எதிர்ப்பாட்டு முறை அமைந்திருத்தலைச் செவியுள்ளோர் உணர்வர். அதே வேளையில் நாட்டுக்கூத்தின் தருக்கத் தருவைக் கேட்டுப் பழகிய யாழ்ப்பாணத்தவருக்கு அது அந்நியமாகவும் தோன்றுவதில்லை. புதிய ஓசை பழைய வாசலால் உள்ளே வருகின்றது.

அப்பாட்டின் நகை யார்மீது விழுகின்றது? பைலாவின் மீதன்று, சிங்களவர் மீதுமன்று. பெண்பிள்ளை படிக்கப் போவதைப் பொறாத மருமகனின் மீதே அது விழுகின்றது. ஒழுக்கத்தின் காவலன் போலப் பேசும் அவன் பேச்சினூடே, கைக்கெட்டிய முறைப்பெண் கைநழுவிப் போவாளோ என்னும் அச்சமே ஒலிக்கின்றது. யாழ்ப்பாணத்துக் குடும்ப வாழ்வை நன்கறிந்தோரால் மட்டுமே இவ்வாறு பாட முடியும். ‘பண்பாட்டுக்குப் புறம்பு’ எனப்பட்ட பாட்டு அப்பண்பாட்டின் அடுக்களை வாசலிலேயே நிற்கின்றது. பேச்சுவழக்குச் சொற்கள் தாளத்துக்காக வளைக்கப்படாமல், பேசும்போது விழும் அழுத்தத்துடனேயே அடிகளில் அமர்ந்திருப்பதும் அதன் சிறப்பாகும். இந்தியத் திரைப்படப் பாடலே இசையென்றிருந்த ஒரு காலத்தில், ஈழத்துப் பேச்சோசை மெட்டுக்கு அளவாய் அமைந்தமை சிறிய சாதனையன்று.

அவரது ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ மேலும் நுட்பமானது. பைலா குடியும் கூத்தும் நிறைந்த களியாட்டங்களின் இசை. அவ்விசையையே எடுத்து, கள்ளுக்கடைக்குப் போகவேண்டாமெனக் கெஞ்சும் குரலுக்கு அதனை உடைமையாக்கியமை ஒரு கூரிய முரண். நன்னெறிப் பாட்டை விருத்தத்திற் பாடியிருப்பின் குடிப்பவன் செவிசாயான். இதுவோ அவனுடைய சொந்த மெட்டு. அவன் தன்னையறியாமலே தாளம் போட்டுக்கொண்டு தனக்கெதிரான வழக்கைக் கேட்கின்றான். பனையே செல்வமும் பனையே சிக்கலுமாகிய தீவகத்திலும் வலிகாமத்திலும் இம்முரண் எவ்வளவு நெருக்கமானதென்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. நாட்டு நடப்பைப் பாட்டால் இடித்துரைத்தல் ரினிடாட் தீவுக் கலிப்சோவின் தொழில். அதன் ஓசையைப் பெற்றவர் அதன் தொழிலையும் சேர்த்தே பெற்றமை, மூலத்தை நன்கு கற்றதன் அடையாளமாகும்.

ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’யோ வேறு தன்மையது. சுராங்கனி என்னும் பெண்ணுக்கு மீன் கொண்டுவந்த செய்தியைச் சிங்களத்திற் கூறும் பல்லவியை, தமிழர் தம் பாட்டாகவே ஏற்றுக்கொண்டனர். மனோகரனைப் ‘பொப்பிசைச் சக்கரவர்த்தி’ என ஈழத்தார் கொண்டாடினர். தமிழ்நாட்டில் அவர் ‘சிலோன் மனோகர்’ ஆனார். 1977இல் வெளிவந்த ‘அவர் எனக்கே சொந்தம்’ திரைப்படத்திலும் இளையராஜாவின் இசையில் அப்பாட்டு இடம்பெற்றது. அங்கே அதனைப் பாடி மகிழ்ந்தோருட் பெரும்பாலார்க்கு ‘மாலு’ என்பது மீன் என்று தெரிந்திராது. அவர்களுக்கு அது இனிய வெற்றோசை. ஈழத் தமிழருக்கோ அது பொருளுள்ள சொல். சந்தையிலும் பேருந்திலும் கடையிலும் கேட்டுப் பழகிய அயலவரின் சொல்.

இவ்வேறுபாட்டைத் தீவகத்தார் போல உணரத்தக்கோர் அரியர். நன்செய் நிலமும் நன்னீரும் குறைந்த தீவுகளிலிருந்து சென்று, கொழும்பு முதலான தென்னிலங்கை நகரங்களிலே கடைவைத்துப் பிழைத்தோர் பலர். புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு ஆகிய ஊர்களின் வாழ்வு அக்கடைகளின் வருவாயாற் பெரிதும் தாங்கப்பட்டது. பகலெல்லாம் சிங்களத்தில் விலைபேசி, இரவிலே தமிழிற் கணக்கெழுதிய தலைமுறைகள் அவை. குறிகட்டுவான் துறையிலே நாகபூஷணி அம்மனைத் தரிசிக்கச் செல்லும் தமிழரும், நாகதீப விகாரையை வழிபடச் செல்லும் சிங்களவரும் ஒரே துறையில் நின்று நயினாதீவுக்குப் படகேறினர். அத்தகையோரின் செவிக்குச் சிங்களப் பல்லவியும் தமிழ்க் குரலும் ஒரு பாட்டிலே கூடிநிற்றல் விந்தையன்று. அன்றாட வாழ்வின் ஒலிப்பதிவே அது. கலப்புமொழி எனப் பண்டிதர் குறைகூறியது மெய்யே. ஆனால் அக்கலப்பு பாடகனின் சோம்பலால் விளைந்ததா, வாழ்வின் கலப்பால் விளைந்ததா என அவர்கள் வினவினாரல்லர்.

இவ்விசையின் குறைகளையும் கூறாது விடுதல் திறனாய்வாகாது. சுராங்கனி பெயர் பெற்றவளேயன்றிக் குரல் பெற்றவளல்லள். மீன் அவளுக்கு வருகின்றது. அவள் யாதும் கூறுகின்றாளில்லை. அயலினத்துப் பெண்ணை ஆடற்பொருளாக்கும் எளிய வழியிலே அப்பாட்டு ஓரடி வைத்துவிட்டது. அதன்பின் வந்தோர் அவ்வழியிலேயே நெடுந்தூரம் நடந்தனர். மாமியும் சீதனமும் வெளிநாட்டு மாப்பிள்ளையும் சலிப்பூட்டுமளவுக்குத் திரும்பத் திரும்ப வந்தன. முன்னோடிகள் பைலாவைக் கற்றுப் பாடினர். பின்வந்தோர் முன்னோடிகளை மட்டும் கேட்டுப் பாடினர். கற்றலற்ற போலி கூற்றிலும் வேகத்திலும் மூலத்தை ஒத்திருக்கும், உயிர்ப்பில் ஒத்திராது. கண்டித்தோரின் வாதம் இப்பிந்திய பாடல்களுக்குப் பெரிதும் பொருந்தும். அவர்கள் செய்த பிழை, முன்னதையும் பின்னதையும் ஒரே தட்டில் நிறுத்தமையே.

மனோகரன் கலையுலகிற் பதித்த மற்றொரு சுவடும் தீவகத்தோடு தொடர்புடையது. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவல், வாடைப் பருவத்திலே நெடுந்தீவுக் கரைக்கு வந்து வாடியமைத்துத் தொழில் செய்யும் மீனவரையும், அவ்வூர் மக்களையும் பற்றியது. அது 1978இல் திரைப்படமானபோது மனோகரன் அதில் நடித்தார். மேடையிலே மீனைப் பாடி ஆடவைத்தவர், திரையிலே மீனவரின் துயரக் கதையொன்றில் இடம்பெற்றார். ‘சுராங்கனி’யின் கூடையில் மீன் விளையாட்டுப் பொருள்; ‘வாடைக்காற்று’க் கரையில் அதுவே உயிர்ப்பிரச்சினை. ஒரு பருவத்துக்கு மட்டும் வந்து, அயற்கரையிலே அன்பும் பகையும் விளைத்து, காற்றுத் திரும்பியதும் செல்லும் மனிதர் பற்றிய அக்கதை, பொப்பிசையின் வாழ்வுக்கும் ஓர் உவமையாக அமைகின்றது. அவ்விசையும் ஒரு பருவத்திலே வந்தது. அப்பருவக் காற்று வெகுவிரைவில் மாறியது.

1983 யூலையில் தென்னிலங்கையிலே தமிழர் கடைகள் எரியூட்டப்பட்டன. இருமொழியிலும் வாழ்ந்தோர் பலர் ஒருமொழிக்குள் திரும்பினர். 1985 மே 15ஆந் திகதி, நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் பயணஞ்செய்த பொதுமக்கள் கடல்நடுவே கொல்லப்பட்டனர். 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவகத்தினுள் நுழைந்தபின் ஊர்கள் வெறுமையாயின. புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினம் தம் கவிதை நூலொன்றுக்குக் ‘காற்றுவெளிக் கிராமம்’ எனப் பெயரிட்டமை அவ்வெறுமையின் சுருக்கமான வரலாறு. வாடைக்காற்று மனிதரைக் கொணர்ந்த கரையில், காற்று மட்டுமே எஞ்சியது. அக்காலத்தே சுராங்கனியைப் பாடுதல் எளிதாயிருந்திராது. அயலவனை நேசத்துடன் போலி செய்தற்கு அவனருகே அச்சமின்றி நிற்றல் வேண்டும். அவ்வண்மை இல்லாதபோது எஞ்சுவது எள்ளல் ஒன்றே; போரின் காலத்தே இருபுறத்தும் அது மிகுந்தது.

மனோகரன் 2018 சனவரியிற் சென்னையிற் காலமானார். புலம்பெயர்ந்த தமிழரின் திருமண மண்டபங்களிலே அவருடைய பாட்டும் நித்தி கனகரத்தினத்தின் பாட்டும் இன்றும் ஒலிக்கின்றன. முதியோர் எழுந்து ஆடுகின்றனர். ஈழத்திற் பிறவாத அவர்தம் பேரப்பிள்ளைகள் அவ்வாட்டத்தைப் பார்த்துத் தாமும் அவ்வாறே கைவீசி ஆடுகின்றனர். அப்பிள்ளைகளுக்குப் பைலா தெரியாது, சிங்களமும் தெரியாது, பாட்டனின் ஆட்டம் மட்டுமே தெரியும். ஆயினும் அதனை உற்றுநோக்கி ஆடுகின்றனர். தொல்காப்பியர் கூறிய நான்கனுள் இளமைக்குரிய நகை அங்கே பிறக்கின்றது.

இலக்கண நூலார் கூறிய போலியில் எழுத்து மாறும், பொருள் மாறாது. நித்தி கனகரத்தினமும் மனோகரனும் தம் சிறந்த பாடல்களிலே அத்தகைய போலியையே செய்தனர். மொழி மாறியது, இடம் மாறியது, பாடுவோர் மாறினர். அயலவரோடு கூடிச் சிரித்தல் என்னும் பொருள் மாறவில்லை. அப்பாடல்களைத் தமிழிசை வரலாற்றின் அடிக்குறிப்பாக ஒதுக்குவோர், ஒரு துள்ளல் மெட்டை மட்டும் ஒதுக்குகின்றாரல்லர். இரு மொழிகள் ஒரு படகில் ஏறிய காலமொன்று இருந்ததென்பதற்கான சான்றையும் சேர்த்தே ஒதுக்குகின்றனர்.